படகு தேய்க்கும் சத்தம்

என் மனைவி இறந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. அவளுக்காக நான் ஒரு பாய்மரப் படகைப் பழுது பார்த்தேன் என்பது எங்கள் உறவினர் எல்லோருக்கும் தெரியும். அவள் கண் மூடும் நாள் வரைக்கும் பின்கட்டில் அந்தப் படகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சை நான் எங்கும் மறுத்ததில்லை. இப்போது மறுக்கிறேன்.

படகை வாங்கியபோது அவளுக்கு நோய் எதுவும் இல்லை. எங்கள் தீவில், பாயான் லெப்பாஸ் பகுதியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சும்மா உட்காரத் தெரியாது. பத்து மாவுங் என்ற மீனவர் ஊரின் கரையில், மீன் கொட்டகைக்குப் பின்னால், பதினாறடி நீளத்தில் ஒரு மரப்படகு கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. கிரீன் லேனில் எங்கள் வீட்டுப் பின்கதவைக் கழற்றி, நிலைச்சட்டத்தையும் பெயர்த்து, அதை உள்ளே கொண்டுவந்தோம். துணி காயப்போடும் இடம் முழுக்க அதற்கே போய்விட்டது.

"குளிக்கிற ரூம்ல ஒரு கப்பல் நிறுத்தலாம், அங்க இன்னும் கொஞ்சம் எடம் இருக்கு" என்றாள் என் மனைவி.

கரையில் படகுகளைப் பழுது பார்க்கும் ஒருவர் எனக்குத் துணைக்கு வந்தார். தமிழ் முஸ்லிம். எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்பார்கள், நானும் அப்படித்தான். அவர் என்னை அண்ணே என்பார். இருவரில் யார் மூத்தவர் என்று கேட்டுக்கொண்டதே இல்லை. உளுத்த பலகைகளை மாற்றினோம். உள்ளே வளைந்து நிற்கும் விலாச் சட்டங்களில் நான்கைப் புதிதாகச் செய்தோம். மற்ற நாட்களில் நான் தனியாக உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் படுக்கையறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். மதியத் தூக்கம் கெடுகிறது என்று அவள் திட்டுவாள். பிறகு பழகிவிட்டது என்பாள். இரண்டு ஆண்டுகள் அப்படிப் போயின.

தீபாவளி கழிந்து இரண்டு வாரத்தில் அவள் கண்கள் மஞ்சளாயின. ஈரலில் கட்டி. முற்றிய நிலை. மாதங்களில் எண்ணிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். மருத்துவமனையிலிருந்து காரில் திரும்பினோம். ஸ்காட்லாந்து சாலையில் சிவப்பு விளக்கில் நின்றபோது அவள் கேட்டாள்.

"படகு எப்ப முடியும்?"

"ஏன்?"

"ஒரு தடவ போகணும். அக்கரை தாசேக் கெலுகோர்லேருந்து கல்யாணமாகி வந்த நாள்லேருந்து ஃபெர்ரியில போனேன், பாலத்துல போனேன். கடல எப்பவும் எட்ட நின்னுதான் பாத்தேன். கைய தண்ணியில போட்டுக்கிட்டு ஒரு தடவ போகணும். ரொம்ப தூரம் வேணாம்லா, வாந்தி வரும்."

முடித்துத் தருகிறேன் என்று சொன்னேன். அன்று நான் அதை உண்மையாகத்தான் சொன்னேன்.

தைப்பூசம் முடிந்த வாரம் நானா வந்து படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு மாதமாக மழை இல்லை. வெயில் பின்கட்டில் அடுப்பு போல் எரிந்தது.

"அண்ணே, வேல முடிஞ்சிருச்சு. லாரியில ஏத்துங்க, தண்ணியில போடுவோம்."

நான் அவரைப் படகின் உட்புறம் குனிந்து பார்க்கச் சொன்னேன். பலகைகளுக்கு நடுவே இடுக்குகள் விட்டிருந்தன. முன்பே அவற்றில் பஞ்சுத் திரியை அடித்து இறக்கி மேலே மெத்தென்ற பூச்சு பூசியிருந்தோம். வெயிலில் காய்ந்து மரம் சுருங்கி, பூச்சு பிளந்து, பல இடங்களில் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

"தெரியட்டுமே" என்றார் நானா. "காஞ்ச மரம். தண்ணியில போட்டா குடிக்கும், ஊதும், தானா மூடிக்கும். மொத நாள் பாதிப் படகு தண்ணி நிக்கும், பயந்துராதீங்க. என்கிட்ட பம்பு இருக்கு. மூணாவது நாள் சொட்டு ஒழுகாது."

"ஒழுகற படகுல என் வீட்டுக்காரிய ஏத்தச் சொல்றீங்களா?"

"அட, மூணாவது நாள் ஒழுகாதுன்னுதானே சொல்றேன். நீங்க கம்பெனிக்காரரு. பிரியாணிச் சட்டிக்குக்கூட சீல் வைக்கணும்பீங்க."

சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் மனைவி சிரித்தாள். "ஒழுகினா என்ன? ஒரு வாளி கொண்டுபோவோம். நீங்க ஓட்டுங்க, நான் அள்ளி ஊத்தறேன்."

"பாத்தீங்களா, அக்காதான் கேப்டன்" என்றார் நானா.

அந்த வாரமே படகைத் தண்ணீரில் போட்டிருந்தால் அவள் போயிருப்பாள். அப்போது அவளால் நடக்க முடிந்தது. கொஞ்சம் சாப்பிடவும் முடிந்தது. கொம்தார் பக்கம் போய்ப் புதுச் செருப்புகூட வாங்கி வந்தாள்.

நான் போடவில்லை. ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் என் வேலை, மின்னணுச் சில்லுகளைக் கருப்புப் பிசினுக்குள் வைத்து மூடும் பிரிவில். அங்கே ஈரம்தான் எதிரி. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பில் ஈரம் புகுந்தால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். முப்பத்தொரு ஆண்டு நான் செய்த காரியம் எதற்குள்ளும் எதுவும் புகாமல் பார்த்துக்கொண்டது ஒன்றுதான். ஒழுகிச் சரியாகும் ஒரு பொருள் உலகத்தில் இருக்கும் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதுவும் ஒரு படகுக்காரர் சொல்லி. நான் படித்தவன் அல்லவா.

நானாவுக்குச் சொல்லாமல் எல்லா இடுக்குகளிலிருந்தும் பஞ்சைத் தோண்டி எடுத்தேன். அந்த இடங்களில் எப்போக்சி நிரப்பினேன். இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் இறுகிக் கல்லாகிவிடும் பசை அது. ஒரு பக்கம் நிரப்பி, காயவிட்டு, தேய்த்து, அடுத்த பக்கம். பிறகு மேல்பூச்சு, மறுபடி தேய்ப்பு, மறுபடி பூச்சு. பத்து வாரம் ஆனது.

அந்தப் பத்து வாரத்தில் அவள் நாற்காலி நகர்ந்துகொண்டே போனது. முதலில் பின்கட்டில் படகுக்குப் பக்கத்தில் இருந்தது. பிறகு வாசற்படிக்கு உள்ளே. பிறகு சாப்பாட்டு மேசைக்கு அருகே. கடைசியில் நாற்காலியே தேவைப்படவில்லை, படுக்கைதான். நாள் முழுக்க அதைத் தாண்டித்தான் நான் போய் வந்துகொண்டிருந்தேன். இப்போது நினைக்கும்போதுதான் அது நகர்ந்தது தெரிகிறது.

தாசேக் கெலுகோரிலிருந்து அவள் தங்கை வந்து எங்களோடு தங்கி, குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது எல்லாம் பார்த்துக்கொண்டாள். எங்கள் மகள் மெல்பர்னில் இருக்கிறாள். மாதத்துக்கு ஒரு முறை பறந்து வந்து போவாள்.

சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு ஒரு காலையில் படகை லாரியில் ஏற்றி பத்து மாவுங்குக்குக் கொண்டுபோனோம். நானா விரல் மடக்கி இடுக்கைத் தட்டிப் பார்த்தார்.

"இது என்ன அண்ணே, கல்லு மாதிரி இருக்கு?"

"அதான் வேணும்."

"மரம் ஊதினா எங்க போகும்?"

"தண்ணி உள்ள போனாத்தானே ஊதும்?"

அவர் கயிற்றை எடுத்தார். படகை இறக்கிக் கட்டினோம். மாலை வரைக்கும் இருந்து பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. என் கைக்குட்டையால் அடித்தட்டைத் துடைத்து நானாவிடம் காட்டினேன். அந்த வெற்றியை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது. கைப்பேசியில் படம் எடுத்துவந்து அவளிடம் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"பச்ச பெயிண்ட் நல்லாயிருக்கு. நாளைக்கா?"

"நாளை மறுநாள். ஒரு நாள் சோதிச்சுப் பாத்துடறேன்."

"உங்க சோதனை எனக்கு சோதனையா முடியும்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கும், அதனால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

குறித்த நாள் காலையில் அவள் தயாராக இருந்தாள். தங்கை தலை பின்னிவிட்டிருந்தாள். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய அகலமான வைக்கோல் தொப்பி மடியில் இருந்தது. சக்கர நாற்காலியை காரில் ஏற்றும் முன் நானா அழைத்தார். "அண்ணே, அக்காவ கூட்டிட்டு வராதீங்க. நீங்க மட்டும் வாங்க."

படகு விளிம்பு வரை மூழ்கிக் கிடந்தது. மரம் தண்ணீரைக் குடித்திருந்தது. மேலே பூசிய வர்ணம் அதைத் தடுக்கவில்லை. பலகைகள் ஊதின. நடுவில் பஞ்சு இருந்திருந்தால் அது நசுங்கி இடம் கொடுத்திருக்கும். நான் அங்கே கல்லை வைத்திருந்தேன். போக இடமில்லாமல் பலகைகள் ஒன்றை ஒன்று தள்ளி, உள்ளே இருந்த விலாச் சட்டங்களை முறித்துவிட்டன. அடிப்பலகை ஆணியோடு பிய்ந்து நின்றது. நாங்கள் புதிதாகச் செய்த நான்கு சட்டங்களும் உடைந்திருந்தன.

நானா என்னைக் குத்திப் பேசவில்லை. பேசியிருக்கலாம். அவர் சொன்னது வேறு.

"அண்ணே, அந்தா நிக்குது பாருங்க என் ஃபைபர் படகு. அசிங்கமா இருக்கும், ஆனா முழுகாது. இன்னிக்கே அக்காவ கூட்டிட்டு வாங்க. அலை இல்ல. ஜெரஜாக் தீவு வரைக்கும் போயிட்டு அர மணி நேரத்துல வந்துரலாம்."

"வேணாம் நானா. நான் செஞ்ச படகுலதான் போகணும்."

"அக்கா அப்படிச் சொன்னாங்களா?"

அவள் அப்படிச் சொன்னதே இல்லை. கையைத் தண்ணீரில் விட வேண்டும் என்றுதான் சொன்னாள். எந்தப் படகு என்று அவள் கேட்கவில்லை. எனக்கு அது தெரியும். அப்போதே தெரியும். ஆனாலும் மீன் நாற்றமடிக்கும் ஒரு ஃபைபர் படகில் அவளை ஏற்றி, என் படகு எங்கே என்று அவள் கேட்க, அது அங்கே மூழ்கிக் கிடக்கிறது என்று கை காட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு இருந்தது ஓர் ஆசை. எனக்கு இருந்தது மானம். இரண்டில் எதைக் காப்பாற்றினேன் என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்து, வர்ணம் கொப்பளித்துவிட்டது, படகைத் திரும்பப் பின்கட்டுக்குக் கொண்டுவருகிறேன், ஒரு வாரம் ஆகும் என்றேன். அவள் தொப்பியை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தாள். "உள்ள வை. தூசி படாம வை."

மறுநாளிலிருந்து அவளால் எழுந்து உட்கார முடியவில்லை.

இனி எழுதப்போவது எங்கள் மகளுக்குத் தெரியாது.

படகைப் பின்கட்டுக்குக் கொண்டுவந்துவிட்டதாகச் சொல்லிவிட்டேன். ஜன்னல் உயரமானது, படுத்திருப்பவளுக்கு வானம்தான் தெரியும். ஆனால் காது நன்றாகக் கேட்டது. வேலைக்குப் போன காலத்தில் அவள் ஒரு பெரிய ஹோட்டலில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் பணியில் இருந்தவள். பின்கட்டில் சத்தம் இல்லாவிட்டால் சந்தேகப்படுவாள் என்று நினைத்தேன். வாசலில் உடைந்துபோன செருப்பு அலமாரி ஒன்று கிடந்தது. அதன் நடுத்தட்டைக் கழற்றினேன். பின்கட்டில் தரையில் போட்டு, உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். பதினொரு நாள்.

அவள் தங்கை முதல் நாளே வந்து நின்றாள். "மாமா, என்ன மாமா இது? அக்கா உள்ள தனியா இருக்கு."

"சத்தம் கேட்டா நிம்மதியா இருப்பா."

"யாருக்கு நிம்மதி?" என்றாள். ஆனால் காட்டிக் கொடுக்கவில்லை.

தங்கை கேட்டது சரி. அந்த அறையை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது. என் மனைவியின் தோல் நிறம் மாறியிருந்தது. அறையில் ஒரு இனிப்பு வாடை நின்றது. பேச எதுவும் இல்லாமல் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அதை என்னால் தாங்க முடியவில்லை. வெளியே என் கைக்கு ஒரு வேலை இருந்தது. பொய் வேலைதான், ஆனாலும் வேலை.

எட்டாம் நாள் மதியம் தண்ணீர் கொடுக்க உள்ளே போனேன். அவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"பலகைய தரையில போட்டுத் தேய்க்கிறீங்க."

"என்ன?"

"படகுன்னா சத்தம் உள்ள போயிட்டு வரும். ரெண்டு வருஷம் கேட்டிருக்கேன்லா. இது வெறும் பலக." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "பரவால்ல. இங்க வந்து உக்காருங்க. கால் ரெண்டும் மரத்துப்போச்சி. தேய்க்கணும்னு இருந்தா இதத் தேய்ங்க."

உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. படகு போனது, நான் பொய் சொன்னது, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதையெல்லாம் ஒரு பொருட்டாக எண்ணாமல், எனக்கு உட்கார ஓர் இடம் கொடுத்தாள். நான் உட்கார்ந்து அவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தால் போதும். வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

"மருந்து மயக்கம் உனக்கு" என்றேன். "படகுதான் அது."

வெளியே போனேன். துணி துவைக்கும் இடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல நிற டிரம் இருந்தது. அதைக் காலி செய்து, கவிழ்த்து, அதன் மேல் பலகையை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். சத்தம் உள்ளே போய் வந்தது. கொஞ்சம் அதிகமாக அதிர்ந்தது. அடியில் ஒரு கோணிப்பையை மடித்து வைத்தேன். இப்போது சரியாக இருந்தது. தொழிற்சாலையில் ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தபோது வரும் அதே திருப்தி வந்தது எனக்கு.

மாலை உள்ளே போனபோது அவள் விழித்திருந்தாள்.

"ஆமா" என்றாள். "இப்ப படகு மாதிரிதான் இருக்கு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை.

இன்னும் மூன்று நாள் இருந்தாள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அவள் தங்கை ஜன்னலிலிருந்து "மாமா" என்று ஒரு முறை கூப்பிட்டாள். கை முழுக்கத் தூசி. கழுவிக்கொண்டு போகலாம் என்று குழாயடிக்குப் போனேன். சோப்புப் போட்டு, முழங்கை வரை, நிதானமாகக் கழுவினேன். கழுவும்போதே தெரியும், அவசரப்பட இனி ஒன்றும் இல்லை என்று. நான் போவதற்குள் தங்கை அவள் கண்களை மூடிவிட்டிருந்தாள்.

சாவு வீட்டில் பேச்சு பரவியது. கடைசி நிமிஷம் வரைக்கும் பொண்டாட்டிக்காக உழைத்தார், கூப்பிட்டபோதுகூடக் கையில் உப்புத்தாள் இருந்தது என்றார்கள். என் தோளைத் தட்டினார்கள். அவள் தங்கை ஒரு மூலையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானா வந்தார். படகைப் பற்றி யாரோ கேட்டதற்கு, "அண்ணன் நல்லாதான் செஞ்சாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். உண்மை தெரிந்த இருவரும் எனக்காக மறைத்தார்கள். நான் எல்லோருக்கும் நன்றி சொன்னேன்.

மகள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மெல்பர்ன் திரும்பினாள். புறப்படும் முன் பின்கட்டுக்குப் போய் நின்றாள். படகு எங்கே என்றாள். கரையில் இருக்கிறது, அதைப் பார்க்க மனம் வரவில்லை, நானாவிடம் கொடுத்துவிட்டேன் என்றேன். டிரம்மின் மேல் பலகை இருந்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள். பதினொரு நாள் தேய்த்ததில் அது கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது.

"படகோட பலகையாப்பா?"

நான் தலையசைத்தேன்.

"அம்மாவுக்காக இவ்ளோ செஞ்சிருக்கீங்க" என்று அழுதாள். துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனாள். இப்போது அது அவள் வீட்டுக் கூடத்தில், அவள் அம்மா படத்துக்குக் கீழே, சுவரில் மாட்டியிருக்கிறது. பேரப்பிள்ளைகள் கடந்து போகும்போது அதைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள் என்றாள். வீடியோ அழைப்பில் காட்டவும் செய்தாள். கீழே விளக்கு ஏற்றியிருந்தது.

மகளே, அது செருப்பு அலமாரியின் நடுத்தட்டு. இதைப் படித்த பிறகு அதை நீ வைத்திருந்தாலும் சரி, எறிந்தாலும் சரி. உன் அம்மாவுக்காக நான் செய்தது என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாதே. அவள் கேட்டது வேறு. நான் அதைச் செய்யவில்லை.